கிராவல் பள்ளமும் இரண்டு கிணறுகளும்

கைகள் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தன. ஒரு கூடைச் சரளைக் கல்லைத் தொட்டியில் கவிழ்த்து, பத்து விரலையும் அகல விரித்து, அடியிலிருந்து புரட்டிப் புரட்டி மேலே கொண்டுவந்தன. செம்மண் கரைந்து தண்ணீர் காவி நிறமானது. மண் உதிர்ந்த கல்லை வலக்கை அள்ளிப் பக்கத்துச் சல்லடையில் போட்டது. மண் ஒட்டிய கல்லைக் கட்டைவிரல் நகம் சுரண்டிப் பார்த்தது. சுரண்டினால் போகிற மண் என்றால் இன்னொரு முக்கு. களிமண் தோல்போல அப்பிக்கொண்டு போகாது என்றால் அந்தக் கல் தோளுக்கு மேலாகப் பின்னால் பறந்தது. அது எங்கே விழுந்தது என்று கைகளுக்கு உரியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, குழிக்குள்ள போடுற கல்லுக்கு எதுக்கு இம்புட்டுக் குளிப்பாட்டு? பொண்ணு பாக்கவா வாராக?" என்று கூடை சுமந்தவர்களில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"பொண்ணு அழுக்கா இருந்தா கட்டுனவன் ஒருத்தன்தான் அவதிப்படுவான். கல்லு அழுக்கா இருந்தா ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையும். அடுத்த கூடையக் கொட்டு."

சோணையம்மாளின் பேச்சு அப்படித்தான். கைக்கு இருக்கிற கண்டிப்பு வாய்க்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவள் நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தது வேறு. கழுவிப்போடுகிற ஒவ்வொரு கல்லும் பஞ்சம்மாளின் கிணற்றுக்காகப் போகிற கல். பஞ்சம்மாள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அவளுடைய கிணறு இனிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் விரல் நகம் தேய்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் கல்லைச் சல்லடையில் போடுகிற சத்தம் கொஞ்சம் கூடியது.

நினைத்த நேரத்தில் பஞ்சம்மாளே இடுப்பில் குடத்தோடு வரப்பில் வந்தாள். வேலைசெய்கிறவர்களுக்கு அவள் வீட்டிலிருந்துதான் குடிதண்ணீர். எல்லோருக்கும் மொண்டு கொடுத்துவிட்டு, கடைசிச் செம்பை நீட்டினாள்.

"குடிக்கா. வெயிலு மண்டையப் பொளக்குது."

"நான் கொண்டாந்திருக்கேன்."

சோணையம்மாள் வேலிக்காலில் தொங்கிய தன் பிளாஸ்டிக் கேனை எடுத்து அண்ணாந்து குடித்தாள். உவர் நாக்கில் கரித்தது. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள். பஞ்சம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் சோணையம்மாளுக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

கிளுவனேந்தல், திருவாடானையிலிருந்து உப்பூர்ப் பக்கம் போகிற வழியில் உள்ளே ஒதுங்கிய ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது; கிணறு தோண்டினால் வாய்க்குத் தெரியும். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் பாலேடு மாதிரி மிதக்கிறது. அளவாக மொண்டால் காலத்துக்கும் வரும். அவசரப்பட்டு இழுத்தால் கீழே இருப்பது மேலே வந்துவிடும்.

எழுபத்தைந்தாம் வருசம் சோணையம்மாள் அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது மாமனார் இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்து ஆளுக்கொரு கிணறு வெட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவர், சோணையம்மாளின் கணவர் சின்னச்சாமிக்கு வந்த வடக்குக் கிணறு இளநீர் மாதிரி. அந்தத் தண்ணீரில் துவரம் பருப்பு இரண்டு கொதியில் மலர்ந்துவிடும். இளையவனுக்கு வந்த தெற்குக் கிணறு கெட்ட தண்ணீர் இல்லை, ஆனால் சப்பென்று இருக்கும்.

பின்னால் இளையவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பஞ்சம்மாளுக்கு மற்றதெல்லாம் தானாக வந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகள். மாமியாரின் செல்லம். மிளகாய்க் காட்டில் அவள் பாத்தியில் மட்டும் காய் உருண்டு திரண்டு நிற்கும். தெருவில் நடந்தால் நாலு பேர் கூப்பிட்டுப் பேசுவார்கள். சோணையம்மாளுக்கு நெடுங்காலம் பிள்ளை இல்லை. அப்புறம் ஒரே ஒரு மகள். அவளிடம் தெருவில் யாரும் நின்று பேசுவதில்லை. ஆனால் தண்ணீருக்கு அவளிடம்தான் வர வேண்டும். கல்யாண வீட்டு உலைக்கு, பிள்ளை பெற்றவளின் மருந்துக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மாரியம்மன் முளைப்பாரிக்கு.

முளைப்பாரி வீட்டில் இருட்டறைக்குள் ஓட்டுச் சட்டிகளில் எருவும் வைக்கோலும் பரப்பித் தானியம் விதைத்திருப்பார்கள். வெயில் படாமல் வெளிறி உயரமாக வளர வேண்டும் அந்தப் பயிர். உப்பு ஒரு சிட்டிகை பட்டாலும் நுனி கருகும். அதனால் அதற்கு ஊற்றுகிற தண்ணீர் வடக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் என்பது சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. குளித்து ஈரத் தலையோடு சோணையம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வரும்போது கும்மியடிக்கிற பெண்கள் விலகி வழிவிடுவார்கள். பஞ்சம்மாளும் விலகுவாள். வருசத்தில் அந்தச் சில நாட்களுக்காகத்தான் சோணையம்மாள் மீதி நாட்களை ஓட்டினாள் என்று சொன்னாலும் தவறில்லை.

கடற்கரைச் சாலையை அகலப்படுத்திய காலத்தில் சீனி முகம்மது என்பவர் வந்து, இரண்டு கிணறுகளுக்கும் மேற்கே கண்மாய்க்குக் கீழே இருந்த பொட்டல் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கிராவல் என்கிற சரளை மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். லாரிகள் போகவும் வரவும் செம்புழுதி எழுந்து களத்தில் காய்ந்த மிளகாய் மேல் மாவு மாதிரி படிந்தது. ஊரார் லாரியை மறித்தார்கள். சீனி முகம்மது தொண்டிப் பக்கத்து மனுசர், சண்டைக்கு நிற்கிறவர் இல்லை. "புழுதி வராம நான் பாத்துக்கிறேன்" என்று ஒத்துக்கொண்டு, பாதைக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு டேங்கர் வண்டியை விட்டார்.

அந்த டேங்கரை ஓட்டிய மருதுபாண்டி முதல் நாள் தண்ணீர் எடுக்கப் போனது பஞ்சம்மாளின் கிணற்றுக்கு. பாதையிலிருந்து அதுதான் பக்கம். பஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே கிணற்று மேட்டில் நிற்பதும், அவன் குழாயை இறக்குவதும், ஊரார் நாலைந்து பேர் "பரவாயில்லையே, பஞ்சம்மாதான் புழுதிய அடக்குறா" என்பதும் சோணையம்மாளின் களத்திலிருந்து தெரிந்தன, கேட்டன. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் பஞ்சம்மாள் நிற்பதா?

மறுநாள் அவள் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏலே மருது, ஊருக்கே தண்ணி குடுக்குற கெணறு இங்கன இருக்கு. அங்கன எதுக்குலே போயி நிக்கிற?"

"எனக்கென்ன அயித்த, எந்தத் தண்ணியா இருந்தா என்ன? ரோடு என்ன ருசி பாத்தா குடிக்கப் போகுது?"

"எனக்கு இருக்குல்ல? இங்கன எடு."

வீட்டுக்குள்ளிருந்து சின்னச்சாமி வந்தார். "ஏ புள்ள, புழுதிக்குத் தெளிக்க இந்தத் தண்ணியா? சோத்துக்கு வச்சிருக்கதை எடுத்து மாட்டுக் கொட்டத்தைக் கழுவுவியா?"

"உங்க தம்பி பொண்டாட்டி குடுத்தா தர்மம். நான் குடுத்தா உங்களுக்கு மாட்டுக் கொட்டமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு பைசா வாங்காமல், பெருமைக்காக மட்டும், இரண்டு கோடையும் அவள் தண்ணீர் கொடுத்தாள். காலையில் ஒரு வண்டி, உச்சிக்கு ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. மருதுபாண்டி குழாயைச் சுருட்டிவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்து, "சர்க்கரை அயித்த, சர்க்கரை" என்பான். அதைத் தெற்கு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைப்பாள்.

அதே இரண்டு கோடையில் கிராவல் பள்ளம் ஊற்றுக்கண் வரை இறங்கிவிட்டது. பச்சை நிறத்தில் தண்ணீர் பரந்து நின்றது. கொக்குகள் வந்தன. ஊர்ப்பிள்ளைகள் குளம் வந்துவிட்டது என்று குதித்தார்கள். அது வெயிலில் விரித்துப் போட்ட கிணற்றுத் தண்ணீர் என்று யாருக்கும் தோன்றவில்லை. வடக்குக் கிணற்றில் மட்டம் படி படியாகக் கீழே இறங்கி, ஒருநாள் தண்ணீர் கரித்தது.

சோணையம்மாள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பருப்பு வேகாதபோது கடைக்காரனைத் திட்டினாள். விறகு ஈரம் என்றாள். மகள் வாய்திறந்து, "ஆத்தா, தண்ணி ஒரு மாதிரி இருக்கு" என்றபோது, "உன் நாக்குதான் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அந்த வருசமும் ஈரத் தலையோடு முளைப்பாரி வீட்டுக்குக் குடம் சுமந்தாள். பஞ்சம்மாள் வாசலில் நின்று, "அக்கா, எதுக்கும் இந்த வருசம் எங்க கெணத்துல ஒரு கொடம்…" என்று இழுத்தாள்.

"எத்தனை வருசமா காத்துக்கிட்டிருந்தே இதைச் சொல்ல?"

பஞ்சம்மாள் விலகி வழிவிட்டாள்.

ஐந்தாம் நாள் முளைப்பாரி அறைக் கதவைத் திறந்தபோது சட்டி சட்டியாகப் பயிர் குட்டையாக, நுனி கருகி நின்றது. யாரும் சோணையம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்தவள் ஒருத்தி குடத்தை எடுத்துப் பஞ்சம்மாளின் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தெற்குக் கிணற்றுத் தண்ணீர்தான் உள்ளே போனது. கருகியதுபோக மிச்சம் தேறியது. முளைப்பாரி தூக்கிப் போன அன்று சோணையம்மாள் காய்ச்சல் என்று படுத்திருந்தாள். கும்மிச் சத்தம் அவள் வாசலைக் கடக்கும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்து, அதில் பஞ்சம்மாளின் குரல் எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஊரார் மனுக் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த பொறியாளர் ஒல்லியான மனிதர். பள்ளத்தின் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

"இது மழைத் தண்ணி இல்லைங்க. உங்க ரெண்டு கிணத்துத் தண்ணி. மண்ணுக்குள்ள நிழல்ல இருந்ததை நாம வெயில்ல விரிச்சு வச்சிருக்கோம். தினம் வெயில் குடிக்குது. மிச்சத்தை ரோடு குடிச்சிருக்கு. குடிச்சதைத் திரும்ப ஊத்தணும்."

ரோடு குடித்தது என்றபோது யாரும் சோணையம்மாளைப் பார்க்கவில்லை. அவள்தான் எல்லோரையும் பார்த்தாள்.

சீனி முகம்மது தகராறு பண்ணாமல் ஏற்றுக்கொண்டார். தோண்டி ஒதுக்கிய மேல்மண்ணைத் திரும்பத் தள்ளிப் பள்ளத்தின் பெரும்பகுதியை மூடுவது. வெயில் படுகிற தண்ணீரைக் குறைப்பது. பாதைக்குத் தெளிக்கக் கிணற்றில் கைவைக்காமல் பள்ளத்தின் மூலையில் நிற்பதை மட்டும் எடுப்பது. இதுவரை போனதற்கும் இனிமேல் போவதற்கும் ஈடாக, கண்மாய் நிறைந்து வீணாக வழிகிற தண்ணீரை ஒரு வாய்க்காலில் கொண்டுவந்து, கல்லும் மணலும் அடுக்கிய தொட்டியில் வடிகட்டி, ஓர் உறைகிணற்றின் வழியாக நிலத்துக்குள் இறக்குவது. எல்லாம் முடிவானது. உறைகிணற்றுக்குப் பொறியாளர் குச்சி நட்ட இடம் பஞ்சம்மாளின் கிணற்றுக்கு நேர்மேற்கே, அவள் நிலத்து ஓரம்.

"ஏன், எங்க கெணத்துப் பக்கம் மண்ணு இல்லையா?" என்று சோணையம்மாள் கேட்டாள்.

"உயிரோட இருக்கிறதை முதல்ல காப்பாத்தணும்மா. அதுவும் உப்பாயிட்டா ஊருக்கே குடிக்க ஒண்ணுமில்லை. இது தேறினா உங்க பக்கமும் மெதுவா வரும்."

"எப்ப?"

"மழையைத்தான் கேக்கணும்."

தண்ணீர் கெட்டு மிளகாய் போட முடியாததால் சோணையம்மாள் அப்போது பள்ளத்திலேயே கல் சலிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எந்தக் கல்லில் களி ஒட்டும், எது ஒரு முக்கில் சுத்தமாகும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. வடிகட்டித் தொட்டி அடுக்கும் பொறுப்பைச் சீனி முகம்மது அவளிடம் கொடுத்தபோது, தன் வேலை அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் குளிர்ந்தாள்.

"உங்க ஓரகத்திதான் சொன்னாக தாயி. எங்க அக்கா கழுவுனா சட்டியில ஒரு மண்ணு இருக்காதுன்னு."

அந்தக் குளிர்ச்சியும் போயிற்று. அந்த வேலையும் பஞ்சம்மாள் போட்ட பிச்சையா? வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், முடியாமல் விட்டுவிட்டாள் என்பார்கள். சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள்.

அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் பொடிச்சல்லி என்று அடுக்கு உயர்ந்தது. மேலே மணல் மட்டும் பாக்கி. ஐப்பசி பிறந்து வடகிழக்கில் மேகம் கட்டியிருந்தது. அவசரத்தில் லாரிக்காரன் ஆற்று மணலுக்குப் பதிலாகக் கண்மாய் வாயிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போனான். சோணையம்மாள் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாள். உள்ளங்கையில் வண்டல் பசைபோல் நின்றது. இதைப் போட்டால் முதல் மழைக்கே கல்லிடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு கீழே இறங்காது.

பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உச்சி வெயில். வரப்பில் ஆள் இல்லை.

அவள் ஒரு கூடை அள்ளிச் சல்லியின் மேல் கொட்டினாள். இன்னொரு கூடை. கையால் நிரவினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெற்குக் கிணறும் கரிக்கட்டும். முளைப்பாரி வீட்டு வாசலில் அவளும் வெறுங்குடத்தோடு நிற்கட்டும். அவளும் பருப்பு வேகவில்லை என்று விறகைத் திட்டட்டும். ஊரார் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது தனக்கு முன்னால் பஞ்சம்மாளும் நிற்பாள் அல்லவா! அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. மூன்றாவது கூடையையும் கொட்டினாள்.

அதற்கு மேலும் நினைப்பு ஓடியதுதான் வம்பாகப் போயிற்று. அடைத்துக்கொண்டதும் தொட்டியைப் பிரிப்பார்கள். வண்டல் வெளியே வரும். ஊரார் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது பஞ்சம்மாள் முன்னால் வந்து, "எங்க அக்கா சுத்தமாத்தான் கழுவுனா, லாரிக்காரன் குடுத்த மணலு சரியில்லை" என்பாள். கட்டாயம் அப்படித்தான் சொல்வாள். தெரிந்தும் சொல்வாள். சொல்லிவிட்டு, எங்கிருந்தாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் தேடிக் கொண்டுவந்து வடக்கு வீட்டு வாசலில் வைத்துவிட்டும் போவாள்.

சோணையம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சம்மாளின் கிணறு இனிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பஞ்சம்மாளால் மன்னிக்கப்படுவதைத் தாங்க முடியாது.

மண்டிபோட்டு உட்கார்ந்து, கொட்டியதை இரண்டு கையாலும் வழித்து எடுத்தாள். வண்டல் பட்ட சல்லியையும் விடவில்லை. அதற்கடியில் இருந்த சரளையிலும் மண் இறங்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள்; இறங்கியிருந்த இடத்தையெல்லாம் தோண்டினாள். பெண்கள் திரும்பி வந்தபோது பாதித் தொட்டி கலைந்து கிடந்தது.

"ஏன்க்கா, விரிச்ச மெத்தையச் சுருட்டுறே?" என்றாள் கல் குளிப்பாட்டுவதைக் கேலி செய்த அந்த வாயாடி.

"மூட்டைப்பூச்சி. கழுவுற தொட்டியில தண்ணி மாத்துங்க. திரும்பக் கழுவணும்."

சீனி முகம்மது வந்து மேகத்தைப் பார்த்தார். "தாயி, மழை எந்நேரமும் இறங்கிரும். இந்த மணலையே அலசிப் போட்டா ஆகாதா?"

"பாத்திரம் வெளக்கக்கூட ஆகாது பாய். ஆத்து மணலு வரட்டும். உங்களைத் திட்டப் போற சனம் என்னையும் சேத்துத் திட்டும். எனக்கு அது வேண்டாம்."

"சரி, இன்ஷா அல்லாஹ் நாளைக்கு வந்துரும்" என்று அவர் போனார். வந்தது. ஒவ்வொரு கூடையையும் அவள் கையில் தேய்த்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள்.

மழை பிடித்துக் கண்மாய் நிறைந்து, வழிகிற தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த அன்று ஊரே வரப்பில் நின்றது. வாய்க்கால் வாயில் ஒரு மரப்பலகை. அதைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குப் போகும், இறக்கினால் நின்றுவிடும். சோணையம்மாள் பலகையை ஒரு விரல்கடை அளவு தூக்கினாள். காவித் தண்ணீர் மணலின் மேல் பரவியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ செருமினார்கள். பிறகு அடிக்குழாயிலிருந்து உறைகிணற்றுக்குள் தண்ணீர் விழத் தொடங்கியது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு. பெண்கள் குலவையிட்டார்கள். சோணையம்மாள் குலவையிடவில்லை. குழாய் வாயில் கையைக் கொடுத்து, ஏந்திய தண்ணீரை வடியவிட்டு, உள்ளங்கையில் ஒரு துகளாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அந்த ஒரு நிமிடம் மட்டும் அது யாருடைய நிலம் என்பதை மறந்திருந்தாள்.

"இன்னைக்கோட என் பொறுப்பு தீர்ந்துச்சு. பலகையும் தொட்டியும் யாருகிட்ட?" என்று சீனி முகம்மது கேட்டார்.

"இதென்ன கேள்வி, சோணையம்மாகிட்டத்தான்" என்றது கூட்டம். சின்னச்சாமியும் தலையாட்டினார்.

"ஆமாக்கா, நீயே வச்சுக்க. உன்னை மாதிரி யாரு பாப்பா?" என்றாள் பஞ்சம்மாள்.

சோணையம்மாள் பலகையைப் பார்த்தாள். இது தன் கையில் இருந்தால் பஞ்சம்மாளின் தண்ணீர் தன் கையில். ஒரு மழை நாளில் பலகையை இறக்கிவிட்டு மறந்துபோனேன் என்று சொன்னால் போதும். யாரும் கேட்க மாட்டார்கள். நெஞ்சு அதை ஆசையோடு தொட்டுப் பார்த்தது. கூடை மணலைக் கொட்டியபோது இனித்தது மாதிரியே இப்போதும் இனித்தது.

"என் கையில வேண்டாம்."

"ஏன்க்கா?"

"வேண்டாம்னா வேண்டாம். உன் வெள்ளாமைக்குப் பக்கத்துல இருக்கு. நீதான் பாக்கணும்." பஞ்சம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்குள் அவள் கையைப் புதைத்தாள். "தெரியுதா? மேல பாலாடை மாதிரி படியும் பாரு, அதான் வண்டல். ஒவ்வொரு மழைக்கும் அதை மட்டும் வழிச்சு எறியணும். கீழ உள்ளதைக் கிளறக் கூடாது. தண்ணி ரொம்பக் கலங்கலா வந்தா பலகைய எறக்கிரு. தெளியட்டும், பெறகு தூக்கு. சோம்பேறித்தனம் பண்ணி அடைச்சுக்கிச்சுன்னா, சொல்லிட்டேன், ஊரைக் கூட்டி உன் மானத்தை வாங்கிருவேன்."

"வாங்கு" என்று பஞ்சம்மாள் சிரித்தாள். "பலகைய எம்புட்டுக்கா தூக்கணும்?"

சோணையம்மாள் பலகையை உருவி எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பிடிக்கிற பக்கத்தைத் திருப்பிப் பஞ்சம்மாளின் கையில் கொடுத்தாள்.